‘முதல் தடவை பணம் திரும்பி வந்ததே, அண்ணாச்சி?’

(முப்பது வருடம் வங்கியில் இருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டேன்.)

அம்பாசமுத்திரத்திலிருந்து: திருமண வரன் தளத்தில் பழகிய பெண் சொன்ன கிரிப்டோ டிரேடிங் ஆப்பில் 10,000 ரூபாய் போட்டேன். 12,000 ஆக என் கணக்குக்கே வந்தது. நம்பி 4 லட்சம் போட்டேன். ஆப்பில் இப்போது 11 லட்சம் காட்டுகிறது. எடுக்க 30 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா அண்ணாச்சி?

கட்டாதீங்க தம்பி, ஒரு பைசாகூட. அந்த 11 லட்சம் அவர்கள் திரையில் எழுதி வைத்த எண். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மைதான், அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. அதை வருமான வரித் துறைக்குக் கட்டுவோம். யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு யாராவது வரி அனுப்புவார்களா?

திரும்பி வந்த 12,000தான் தூண்டில் புழு. சீனத்தில் இந்த மோசடிக்கே ‘பன்றி அறுப்பு’ என்று பெயர். கொழுக்க வைத்து அறுப்பது. அந்தப் பணம் உங்களைப் போல ஏமாந்த இன்னொருவர் போட்டதாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் அவர் கொடுத்த புகாரில் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். இதைப் படித்த கையோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்க.

வள்ளியூரிலிருந்து: இப்படிப் பழகிய பெண்ணிடம் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசினேனே, அதுவும் பொய்யா?

முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. பேசுவதற்கென்றே ஆளும் வைத்திருப்பார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: துபாயிலிருந்து கணவர் அனுப்பிய பணம். நேற்று ராத்திரிதான் இப்படி ஒரு ஆப்பில் போட்டேன். போலீசில் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே?

அம்மா, நேற்று ராத்திரி என்றால் இன்னும் வழி இருக்கலாம். பணம் ஒரு கணக்கில் நிற்காது. காசு கொடுத்து அடுத்தவரிடம் வாங்கிய நாலைந்து வாடகைக் கணக்குகளில் பிரிந்து, ஏடிஎம்மில் பணமாகவோ யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவாகவோ மாறிவிடும். அதற்கு முன்னால் 1930-ல் சொன்னால், மிச்சம் நிற்பதை அந்தந்த வங்கி நிறுத்தி வைக்கும். யுடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் அடையாள எண்), பணம் போன கணக்கு எண், தேதி, நேரம் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு சாட் பதிவுகளை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் போன் பேசி முடித்த பிறகு யோசிக்கலாம். நான் பணியில் இருந்தபோது வெட்கத்தால் பத்து நாள் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்கைத் திறந்து பார்க்கவே எனக்கு மனசு வராது.

தென்காசியிலிருந்து: மச்சானுக்குத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலையாம். சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

அனுப்பாதீங்க. பாங்காக்கில் இறக்கி, எல்லை ஊரான மே சோட் வழியாக ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கடத்திப் போகிறார்கள். அங்கே அடித்து உட்கார வைத்து, பெண் பெயரில் சாட் பண்ணச் சொல்கிறார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023-ல் ஐநா மனித உரிமை அலுவலகம் சொன்னது. அம்பாசமுத்திரத்துத் தம்பியிடம் ஆசையாகப் பேசியதுகூட இப்படி மாட்டிய ஒரு பையனாக இருக்கலாம். ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிந்தவரா என்று பாருங்கள்.

மறுபடியும் அம்பாசமுத்திரம்: 1930-ல் சொல்லிட்டேன் அண்ணாச்சி. இப்போ டெலிகிராமில் ஒரு வக்கீல், 20,000 கொடுத்தால் முழுசாக மீட்டுத் தருகிறேன் என்கிறார்.

அதுவும் மோசடிதான். உங்கள் நம்பரை அந்தக் கும்பலே விற்றிருக்கும். பதில் போடாமல், அந்தச் செய்தியையும் புகாரோடு சேர்த்துக் கொடுங்க.