பார்ட்ஸ் மட்டமா, மாட்டியது தப்பா?

கேள்வி: 1960களில் வந்த கார் ஒன்று வைத்திருக்கிறேன். முன்பக்க டிஸ்க் பிரேக்குக்கு, தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் இரண்டும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டும் புதிதாக வாங்கி மாட்டினோம். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கிறது. சாமான் மட்டம் என்கிறார் மெக்கானிக். மாட்டத் தெரியவில்லை என்கிறார் கடைக்காரர். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில் வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம் முன்சக்கரங்களைக் கழற்றி, காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் இடது, வலது காலிபர்கள் ஒரே அச்சாக இருக்கும். மாற்றி மாட்டினாலும் போல்ட் ஒழுங்காக உட்காரும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கிவிடும். நீங்கள் கீழேயிருந்து ஆயிலை மட்டும் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். உங்கள் பெடல் கதையைக் கேட்டால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். அப்படியிருந்தால் இரண்டையும் இடம் மாற்றி, இணைப்பில் செப்பு வாஷர் இருந்தால் புதிது போட்டு, மறுபடி ஏர் எடுங்கள். பெட்டியில் 'இடது' என்று போட்டு உள்ளே வலது வந்திருந்தால் ஒழிய, கடைக்காரர் மேல் குற்றமில்லை.

நிப்பிள் மேலேதான் இருக்கிறதா? சரி, அடுத்தது மரை. அந்தக் கால வண்டிகள் பலவற்றில் பிரேக் குழாய் நட் இஞ்ச் கணக்கு: 3/8 இஞ்ச், அதாவது சுமார் 9.5 மி.மீ., ஒரு இஞ்சுக்கு 24 மரை. புதிதாகச் செய்த காலிபரில் 10 மி.மீ. மெட்ரிக் துளை இருந்தாலும் பழைய நட் உள்ளே போகும், முறுக்கினால் இறுகியது போலவும் தெரியும். ஓங்கி மிதிக்கும் நேரத்தில் பிடி விட்டுவிடலாம். ஸ்பேனரை எடுக்குமுன் விரலால் நான்கைந்து சுற்று ஓட்டிப் பாருங்கள்; லொடலொடவென்று ஆடினால் அளவு வேறு. உங்கள் வண்டி மாடலைச் சொல்லி வாங்கியிருந்தால், தயங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டிய சரக்கு அது. மாடல் எழுதிய பில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஸ்டீயரிங் கோணலுக்கும் சாமானின் தரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. டை ராட் எண்டை மாற்றினால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கலையும். ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டி வைத்து, இரண்டு பக்க ராடையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அது கோணலை மறைக்கும் வேலை.

கையோடு அந்த எண்டின் நட்டையும் பாருங்கள். கூம்பு முனை கிரீஸ் இல்லாமல், சுத்தமாக உட்கார வேண்டும். நட் கழலாமல் இருக்கச் செருகும் ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். ஸ்பிளிட் பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். முழுக்க இறுக்கியும் கூம்பு ஆடினால் அது உங்கள் வண்டிக்கான எண்ட் இல்லை. அதையும் பில்லோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: பிரிக்காத பெட்டியில் பழைய ஸ்டாக் பிரேக் ஹோஸ் (ரப்பர் குழாய்) கிடைக்கிறது. அசல் கம்பெனி சரக்கு. வாங்கலாமா?

பதில்: இரும்புச் சாமான் என்றால் நானே ஆசைப்படுவேன். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகும். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ் உள்ளே உப்பி வழியை அடைத்துக்கொண்டால், மிதித்த பிரேக் விடாது. புதிய தயாரிப்பே வாங்குங்கள். பிரேக் ஆயில் வாங்கும்போதும் கவனம்: டப்பாவில் போட்டிருக்கும் ரக எண்ணில் டாட் 5 என்றால் சிலிக்கோன் வகை, டாட் 5.1 என்றால் கிளைக்கால் வகை. பெயர்தான் ஒட்டியிருக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது.