நகர நடுவே நிற்கும் ஆலயங்கள்: சேர்ந்து திட்டமிடுவது பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் நகர மையங்களில் தெருவுக்கு ஒரு கிறிஸ்தவ ஆலயம் நிற்கிறது. ஞாயிறன்று பல இருக்கைகள் காலி. கட்டடங்களையும் நிலத்தையும் அடுத்து என்ன செய்வது என்று சில சபைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகின்றன. இதுபற்றி வந்த கேள்விகளுக்கு, ஆலயக் கட்டடக் குழுக்களில் நெடுநாள் பணியாற்றிய உறுப்பினர் பதில் தருகிறார்.

எங்கள் ஆலயத்தைப் பற்றி நாங்களே முடிவெடுத்தால் போதாதா? பக்கத்து ஆலயங்களை ஏன் கேட்க வேண்டும்?

நார்விச் நகரத்தைப் பாருங்கள். பழைய நகர மதிலுக்குள் மட்டும் மத்திய காலத்தில் கட்டிய 31 ஆலயங்கள் இருக்கின்றன. குடியிருந்தவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். எஞ்சிய சிறு சபைகள் ஒழுகும் கூரையோடு தனித்தனியே மல்லுக்கட்டின. 1960களின் இறுதியில் ஓர் ஆணையம் எல்லா ஆலயங்களையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்த்தது. எங்கே வழிபாடு தொடர்வது, எவற்றை வேறு பயனுக்கு விடுவது என்ற கேள்வி அப்போதுதான் முழு நகரத்துக்கும் சேர்த்துக் கேட்கப்பட்டது. நகராட்சியின் கைக்கு வந்த ஆலயங்களைப் பராமரிக்க 1973இல் தனி அறக்கட்டளை உருவானது. இன்று 18 ஆலயங்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பொம்மலாட்ட அரங்கு. சந்தையை ஒட்டிய செயிண்ட் பீட்டர் மான்கிராஃப்டில் ஆராதனை தொடர்கிறது.

இரண்டு தெரு தள்ளியிருந்த இரு சபைகள், ஒன்றையொன்று கேட்காமல், ஒரே மாதிரி வாடகைக் கூடம் கட்டிக் கடனில் விழுந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் காணிக்கைப் பணம் யாருடையது என்று நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று வெவ்வேறு திருச்சபைப் பிரிவினர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வர முடியுமா?

முடியும். ஆலயக் கட்டடங்களைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே 1969இல் ஒரு சட்டம் வந்தது. மில்டன் கீன்ஸ் நகர மையத்தில் 1992இல் திறக்கப்பட்ட ஆலயத்தில் இவர்களோடு கத்தோலிக்கரும் ஐக்கிய சீர்திருத்த சபையாரும் பங்காளிகள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள்.

ஆலயத்தைச் சுற்றிய கல்லறைத் தோட்டத்தில் வீடு கட்டலாமா?

எளிதில் முடியாது. பயன்பாட்டில் இல்லாத அடக்க நிலத்தில் கட்டடம் எழுப்புவதை 1884ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, விலக்குகள் குறைவு. பூங்காவாகப் பராமரிக்க உள்ளாட்சியிடம் ஒப்படைப்பது பழகிய வழி.

எங்கள் தமிழ்ச் சபை ஓர் ஆங்கில ஆலயத்தை ஞாயிறு பிற்பகலுக்கு வாடகைக்கு எடுத்து ஆராதிக்கிறது. அவர்கள் அக்கம்பக்கத்துச் சபைகளோடு திட்டம் போடுகிறார்களாம். எங்களை யாரும் கேட்கவில்லை.

கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், சகோதரரே. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சில மணி நேரத்துக்கான அனுமதி மட்டுமே. கட்டடம் விற்கப்பட்டால் அது உங்களைக் காக்காது. எத்தனை குடும்பங்கள் வருகின்றன, எத்தனை ஆண்டாக வாடகை கட்டுகிறீர்கள், பிள்ளைகளின் ஞாயிறு பள்ளிக்கு எவ்வளவு இடம் தேவை என்பதை ஒரே தாளில் எழுதி, எல்லாச் சபைகளின் போதகர்களுக்கும் கொடுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் இல்லாத திருச்சபையும் லண்டன் கெசட் என்ற அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு அதற்குள் வர வழி இருக்கிறது; ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆலயம் காலியாகிறது என்று அவர்கள் கவலைப்படும் அதே கூரையின் கீழ், பிற்பகலில் நீங்கள் நிறைந்திருக்கிறீர்கள். இது அவர்கள் கணக்கில் ஏறியே ஆக வேண்டும்.

என் பெற்றோருக்குத் திருமணம் நடந்த பீடத்தின் முன்னால் மேசை போட்டுக் காபி குடிப்பார்களா?

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. எல்லாவற்றையும் காப்பது அல்லது எல்லாவற்றையும் இழப்பது என்று இரண்டே வழிகள் இல்லை. ஹெரஃபோர்ட் நகரின் ஆல் செயிண்ட்ஸ் ஆலயத்தில் மேற்குப் பகுதியில் உணவகம் நடக்கிறது. ஆராதனையும் அதே கட்டடத்தில் தொடர்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் விதி, வழிபாடு நின்ற ஆலயத்தையும் இழிவான பயனுக்கு விடக்கூடாது என்கிறது. மற்றச் சபைகள் விற்பனைப் பத்திரத்தில் அப்படி நிபந்தனை எழுதலாம். பீடம், ஞானஸ்நானத் தொட்டி, நினைவுக் கற்கள் எங்கே போகும் என்ற பட்டியலை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். விலை பேசத் தொடங்கிய பிறகு அதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.