புரோகிராம் ஓடுகிறது, ஆனால் செலக்ட் ஆகவில்லை

தம்பி, உங்கள் கடிதத்தையும் நீங்கள் எழுதிய புரோகிராமையும் இரண்டு முறை படித்தேன். ஷாப்பிங் கார்ட்டுக்குத் தள்ளுபடி கணக்கிட வேண்டும், வேலைக்காக நீங்கள் இன்டர்வியூவுக்குப் போன நிறுவனத்தார் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய கணக்கு அதுதான். அவர்கள் தந்த மாதிரிகள் எல்லாவற்றுக்கும் உங்களுக்கு விடை சரியாக வந்திருக்கிறது. ஆனாலும் அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடவில்லை. "இன்னும் சுத்தமாக எழுதப் பழகுங்கள்" என்று ஒரு வரி மட்டும் வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறீர்கள். உங்கள் அம்மா தனியாக எழுதி, இன்னொரு கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குக் கோர்ஸ் வேண்டாம். உங்கள் மகனுக்குக் கோடிங் தெரியும். தான் எழுதியதை இன்னொருவர் படிப்பார் என்ற நினைப்போடு எழுதும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அது வகுப்பில் உட்கார்ந்தால் வராது. இதே கணக்கை எடுத்து ஒரு வாரம் திருத்தினால் வரும்.

இனி உங்களுக்கு, தம்பி. "சுத்தம்" என்றால் அழகுபடுத்துவது என்று நினைத்துவிட்டீர்கள். இடைவெளி விட்டு, கமென்ட் (விளக்கக் குறிப்பு) சேர்த்து மறுபடி அனுப்பட்டுமா என்று கேட்கிறீர்கள். அது இல்லை. உங்கள் ஃபங்ஷனிலேயே, அதாவது தள்ளுபடியைக் கணக்கிடும் அந்தப் புரோகிராம் பகுதியிலேயே, ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

விதிகள் மூன்றுதான். உறுப்பினருக்கு 10% தள்ளுபடி. மொத்தம் 1000 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னும் 5%. கூப்பன் இருந்தால் 100 கழியும். நீங்கள் இஃப்புக்குள் இஃப், அதாவது நிபந்தனைக்குள் நிபந்தனை, என்று நான்கு அடுக்கு போட்டிருக்கிறீர்கள். கூப்பன் இல்லாத கிளையில் தொகையை நேராக 0.85-ஆல் பெருக்குகிறீர்கள். கூப்பன் இருக்கிற கிளையிலோ முதலில் 0.9, பிறகு 100 கழித்தல், அதன் பிறகு 0.95. இப்போது 2000-க்கு வாங்கிய ஓர் உறுப்பினரை எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பன் இல்லாவிட்டால் அவர் கட்ட வேண்டியது 1700. கூப்பன் போட்டால் 1615. அதாவது, 100 குறையும் என்று எழுதியிருக்கிற கூப்பனால் அவருக்கு 85 தான் குறைகிறது! மாதிரிகளில் இந்தச் சேர்க்கை வரவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. அந்த நிறுவனத்தில் படித்துப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

கவனக்குறைவு என்று இதை நான் சொல்ல மாட்டேன். 10-ஐயும் 5-ஐயும் கூட்டி 15 ஆக்குவதா, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதா? கூப்பனை முதலில் கழிப்பதா, கடைசியிலா? 1000 என்ற வரம்பைப் பார்ப்பது தள்ளுபடிக்கு முந்தைய தொகையிலா, பிந்தையதிலா? கணக்கைக் கொடுத்தவர்கள் இதையெல்லாம் சொல்லவே இல்லை. நீங்கள் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி இருக்கிறது என்பதே நான்கு அடுக்குக்குள் புதைந்து போய்விட்டது. சுத்தமாக எழுதினால் கேள்வி கண்ணுக்குத் தெரியும். இன்டர்வியூவில் சுத்தமாக எழுதச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எப்படி மாற்றுவது? முதல் நாள் ஒரு வரியையும் தொடாதீர்கள். டெஸ்ட் (எதிர்பார்த்த விடை வருகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சிறு புரோகிராம்) மட்டும் எழுதுங்கள்: 999, 1000, 1001, காலி கார்ட், உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், கூப்பனோடு, கூப்பன் இல்லாமல். உறுப்பினர் அல்லாத ஒருவர் 60-க்கு வாங்கி 100 கூப்பன் போட்டால் என்ன வருகிறது என்றும் பாருங்கள். உங்களுடையதில் மைனஸ் 40 வருகிறது; கடை வாடிக்கையாளருக்குப் பணம் கொடுக்க வேண்டியதாகிவிடும்.

அப்புறம், புரோகிராமுக்குள் தொகைகளுக்கு வைக்கும் பெயர்கள். டி1, டி2, டெம்ப் என்று வைத்திருக்கிறீர்கள். எழுதிய அன்று நினைவிருக்கும், மூன்றாம் வாரம் உங்களுக்கே புரியாது. 0.85 போன்ற எண்கள் நடுவில் அனாதையாக நிற்கக் கூடாது. உறுப்பினர் தள்ளுபடி 10 சதவீதம் என்று மேலே பெயரோடு ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அதன் பிறகுதான் பிரிப்பது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன்: கார்ட்டை வாங்கிக்கொள்ளும், எவ்வளவு கழிய வேண்டும் என்று சொல்லும், வேறு எதையும் தொடாது. விதிகளை வரிசையாக ஒரு லிஸ்டில் வைத்து, முக்கிய ஃபங்ஷன் அந்த வரிசையில் நடந்து போகட்டும். எது முதலில், எது கடைசியில் என்பது அப்போது ஒரே இடத்தில் தெரியும். நாளைக்குப் பண்டிகைத் தள்ளுபடி வந்தால் லிஸ்டில் ஒரு வரி சேரும், அவ்வளவுதான். அந்தத் தள்ளுபடிக்குத் தேதி வேண்டுமென்றால் ஃபங்ஷனுக்குள் இருந்து இன்றைய தேதியைக் கேட்காதீர்கள். வெளியிலிருந்து கொடுங்கள். இல்லையென்றால் பண்டிகை முடிந்த மறுநாள் டெஸ்ட் தோற்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். டிசைன் பேட்டர்ன் (புரோகிராமை அமைக்கும் ஆயத்த மாதிரிகள்) படித்த உற்சாகத்தில் மூன்று விதிக்கு ஒன்பது கிளாஸ் (தரவையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டும் அமைப்பு) எழுதி அனுப்பும் மாணவர்களைப் பார்க்கிறேன். படிப்பவருக்கு நான்கு அடுக்கு இஃப்பைவிட அது பெரிய தொல்லை. மூன்று விதிக்கு மூன்று ஃபங்ஷன் போதும்.

பணத்தை ஃப்ளோட்டில் (கம்ப்யூட்டரின் வழக்கமான தசம எண் வகை) வைத்திருப்பதையும் மாற்றுங்கள். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். அது பைத்தானின் பிழை அல்ல. கம்ப்யூட்டர் பின்னங்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது, 0.1 அதில் முழுசாக அடங்காது. அதனால் தொகையை மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் வகைகளான டெசிமலைப் பைத்தானிலும், பிக்டெசிமலை ஜாவாவிலும் பயன்படுத்துங்கள். ரவுண்டு செய்வதை ஒரே இடத்தில், ஒரே முறையில் செய்யுங்கள். பைத்தான் 3-ல் 2.5-ஐ ரவுண்டு செய்தால் 3 வராது, 2 தான் வரும். சரிபாதியாக இருந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். 100 கழிவை மூன்று பொருளுக்குப் பங்கிட்டால் 33.33 மூன்று முறை, கூட்டினால் 99.99. மீதி 0.01 எந்தப் பொருளுக்குப் போகும்? ஒரு பொருளை மட்டும் திருப்பிக் கொடுப்பவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அந்த முடிவைப் பொறுத்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட்டில் (Git, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) தனி கமிட், அதாவது தனிப் பதிவு, போடுங்கள், "அப்டேட்" என்று எழுதாமல் என்ன மாற்றினீர்கள், ஏன் என்று எழுதுங்கள். அடுத்த இன்டர்வியூவில் இந்தப் பிராஜெக்ட் பற்றிக் கேட்டால், பயன்படுத்திய டெக்னாலஜி பட்டியலில் தொடங்க வேண்டாம். 1700, 1615 கதையைச் சொல்லுங்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், விதியை யாரிடம் உறுதிசெய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் கட்டாயம் அடுத்த கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கும், ஏனென்றால் நீங்களே உட்கார்ந்து செய்தது அது.

வேலையைத் தொடங்கும் முன் இதுவரை மற்ற நிறுவனங்களுக்கு அனுப்பியவற்றையும் ஒரு முறை திறந்து பாருங்கள். வேறு எங்கேயாவது 0.85 இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.