தாங்குகிறவருக்குப் பலம் எங்கிருந்து வரும்?

கேள்வி: என் கணவருக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து இடப்பக்கம் பலவீனமாகிவிட்டது. மாமியாருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருக்கிறது. மகளுக்கு 12 வயது. சம்பாதிப்பது நான் ஒருத்திதான். “உன்னை நம்பி மூன்று பேர் இருக்கிறார்கள், அதை நினைத்துத் தைரியமாக இரு” என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கோ அதை நினைத்தாலே பயம்தான் வருகிறது. அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது முதல் வங்கி வேலை வரை எல்லாவற்றையும் நானே செய்கிறேன். என்மேல் சாய்ந்திருப்பவர்களிடமிருந்து நான் எப்படிப் பலம் பெற முடியும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்களுக்குத் தைரியம் சொல்பவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல், நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு 1945இல் விடுதலையானவர். முகாமில் வாழ்க்கையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்ட ஒருவரை, அயல்நாட்டில் அவருக்காகக் காத்திருந்த குழந்தையின் நினைவு மீட்டதை அவர் எழுதியிருக்கிறார். அந்தத் தந்தையைப் பிடித்து நிறுத்தியது குழந்தையின் மேல் இருந்த பாசம். உங்கள் காதில் தினமும் விழுவதோ, ‘நீ விழுந்தால் எல்லாம் போச்சு’ என்ற அச்சுறுத்தல். அதைக் கேட்டுப் பயம் வருவது இயல்புதான். அதற்காக உங்களைக் கோழை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இந்த வேறுபாடு உடம்பிலும் தெரிகிறது. வாழ்க்கைத்துணையைப் பராமரிக்கும் முதியவர்களை அமெரிக்காவில் நான்கு ஆண்டுகள் கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பராமரிப்பின் பாரத்தால் மனம் நெருக்கடிக்கு உள்ளானவர்களுக்கு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே பணியைச் செய்தும் நெருக்கடியை உணராதவர்களிடம் அத்தகைய வேறுபாடு இல்லை. ஆகவே, பிறர் நம்மை நம்பியிருப்பது மட்டுமே நம்மைத் தேய்த்துவிடுவதில்லை. எல்லாவற்றையும் ஒருவரே, மாற்றாள் இல்லாமல், பயந்துகொண்டே சுமப்பதுதான் தேய்க்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்தது அந்தச் சட்டைப் பொத்தானைப் பற்றிய வரியை. அவரே போட்டுக்கொண்டால் நேரமாகும், உங்களுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பது புரிகிறது. ஆனாலும் அந்த வேலையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பலவீனமான இடக்கையை முதலில் சட்டைக் கைக்குள் நுழைத்து மேலே இழுத்துக்கொண்டு, பிறகு வலக்கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது வலக்கை முதலில் வெளியே வர வேண்டும். அகலமான பொத்தான்களோ, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டையோ தைத்துக் கொடுத்தால் இன்னும் எளிது. பக்கவாதத்திற்குப் பிறகு, அன்றாட வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் கைக்கும் மூளைக்கும் பயிற்சி என்று இயன்முறை மருத்துவர்களும் சொல்வார்கள். அதைவிட முக்கியமாக, காலையில் தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்கும் கணவர், அன்றைய நாளைத் தாங்க உங்களுக்கு எதையோ கொடுக்கிறார். வங்கிக் கணக்குகளைச் சரிபார்க்கவும், கட்டணம் கட்ட வேண்டிய தேதிகளை நினைவூட்டவும் அவரால் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தப் பொறுப்பை முழுமையாக அவரிடம் விட்டுவிட்டு, பின்னாலேயே போய்ச் சரிபார்க்காமல் இருங்கள். எல்லாவற்றையும் தனக்குப் பிறர் செய்துவிடும் வீட்டில் கிடப்பவருக்கும் அது ஒரு வேதனை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

உங்கள் மாமியாரை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைபாடு போன்ற காரணங்களாலும் ஞாபகம் மங்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மறதி நோயாகவே இருந்தாலும், கை பழகிய வேலைகள் நெடுநாள் நிலைத்திருக்கும். துணி மடிப்பது அவருக்குப் பழக்கமென்றால் மடிக்கட்டும். மடிப்பு கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

மகளிடம் மட்டும் கவனம் வேண்டும். தாத்தா பாட்டி காலத்துப் பெரியவர்களைப் போல அவளும் வீட்டைச் சுமக்கத் தொடங்கிவிடக் கூடாது. சின்னதாக, எல்லை தெரிந்த ஒரு வேலையைக் கொடுங்கள். பணக்கவலையை அவளிடம் கொட்டாதீர்கள். ஆனால் நீங்கள் களைத்திருப்பதை மறைக்கவும் வேண்டாம். “அம்மாவுக்கு இன்று அசதியாக இருக்கிறது, கொஞ்சம் பக்கத்தில் உட்கார்” என்று கேட்கலாம். குழந்தை தோளில் சாயும்போது கிடைக்கும் தெம்பை வாங்கிக்கொள்ள நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

இவ்வளவும் செய்தாலும் வெளியிலிருந்து ஆள் வராமல் தீராது. மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினரைப் பற்றி அமெரிக்க முதுமையியல் ஆய்வாளர் ஸ்டீவன் ஸாரிட்டின் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் கடுமையைவிட, மற்ற உறவினர்கள் எவ்வளவு அடிக்கடி வந்துபோனார்கள் என்பதே பராமரிப்பவர் உணர்ந்த பாரத்தோடு தொடர்புடையதாக இருந்தது. அடிக்கடி வந்தபோது பாரம் குறைந்தது. எனவே, அடுத்த முறை யாராவது உங்களுக்குத் தைரியம் சொன்னால், “ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறுவரை அவரோடும் அத்தையோடும் இருக்க வர முடியுமா?” என்று கேட்டுவிடுங்கள். நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டு வேலை எதையும் செய்யாதீர்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.