கொடுமை நடக்கும் உறவை விட்டு ஒருவர் ஏன் உடனே வெளியே வருவதில்லை?

இதே கேள்வியை என் நெருங்கிய தோழியைப் பற்றி நானும் சில வருடங்கள் மனதுக்குள் கேட்டிருக்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மட்டும் விட்டுவிட்டேன்.

முதலில் சந்திப்புகள் நின்றன. மூன்று முறை வருகிறேன் என்றாள், மூன்று முறையும் கடைசி நேரத்தில் வரவில்லை. போனில் பேசினால் யாருக்கோ ஒப்பிப்பது போல ஒரு குரல், கூடவே லேசான எதிரொலி. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள் என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் ஆளே மாறிட்டா" என்று மற்ற நண்பர்களிடம் சொன்னேன், எல்லோரும் ஆமாம் போட்டார்கள். சரி, அவளுக்கு வேண்டாமென்றால் எனக்கென்ன என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். வெறும் ரோஷம்தான்.

அவள் பக்கத்தில் நடந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். என்னோடு பேசி முடித்த ஒவ்வொரு முறையும் அரை நாள் விசாரணை நடக்குமாம். அவ என்ன சொன்னா, நீ எதுக்குச் சிரிச்ச, என்னைப் பத்தி என்ன பேசினீங்க. பதில் திருப்தியாக இல்லையென்றால் இரண்டு நாள் வீட்டில் பேச்சே இருக்காது. என்னைப் பார்க்கக் கிளம்பும் நேரத்தில் சரியாக வண்டிச் சாவி காணாமல் போகும். என்னோடு பேசக் கூடாது என்று ஒரு நாளும் யாரும் அவளைத் தடுக்கவில்லை. பேசினால் படவேண்டிய பாடுதான் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பேசாமலிருப்பதே நிம்மதி என்று ஆகிவிட்டது. நான் கோபித்துக்கொண்டு விலகியதும் கணவர் சொன்னாராம்: "பாத்தியா, உனக்குன்னு யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்."

அடி விழுந்தது அதற்கு அப்புறம்தான்.

இந்த வரிசைதான் முக்கியம். வெளியே இருக்கும் நாம் கதையை முதல் அடியிலிருந்து தொடங்குகிறோம். அதனால்தான் அன்றைக்கே கிளம்பியிருக்கலாமே என்று தோன்றுகிறது. அந்த அடி விழுந்தபோது அவள் சம்பளம் போகும் கணக்கின் கடவுச்சொல் அவளிடம் இல்லை. சான்றிதழ்கள் பூட்டிய அலமாரியில். கூப்பிட்டு அழ ஆளில்லை. கூண்டை அடைத்துவிட்டுத்தான் குச்சியைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

எவன் ஸ்டார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பல வருடங்கள் சொல்லிவந்ததும் இதுதான். காயங்களை மட்டும் எண்ணினால் குற்றத்தின் பாதி கண்ணில் படாது, பறிபோவது ஒருவரின் சுதந்திரம் என்றார். எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், எவ்வளவு செலவழிக்கிறாள் என்று அன்றாடத்தை இறுக்கிப் பிடிப்பதே அந்தக் குற்றத்தின் உடல், அடி அதன் ஒரு கை என்று நான் புரிந்துகொண்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இல் வந்த சட்டம், நெருங்கிய உறவிலோ குடும்பத்திலோ இப்படித் தொடர்ந்து கட்டுப்படுத்துவதையே தனிக் குற்றமாக்கியது. ஐந்து ஆண்டு வரை சிறை. அடித்ததற்கான தடயம் வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஸ்காட்லாந்தும் 2018இல் அதே வழியில் ஒரு சட்டம் இயற்றியது.

ஒதுக்கிவைப்பதையும் வன்முறையோடு சேர்த்துப் பேசினால் மிகைப்படுத்துவதாகச் சிலர் நினைக்கிறார்கள். கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் இருவர் விளையாடிக்கொண்டிருந்த வீச்சுத்தட்டு அவர் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து வீசினார், அவர்களும் திருப்பி வீசினார்கள். கொஞ்ச நேரத்தில் அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் ஆட ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் மனது வலித்தது. அதிலிருந்துதான் அவருடைய ஆய்வுகள் கிளம்பின. திரையில் பந்து போட்டு விளையாடும்போது சில நிமிடம் பந்து தராமல் விட்டாலே ஆட்கள் வாடிப்போனார்கள். எதிரில் ஆடுவது வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லியும் அப்படித்தான். என் தோழிக்குப் பந்து தராதவர்களில் நானும் ஒருத்தி, அதுவும் இரண்டு வருடம்.

பெண்களுக்கு மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொண்ட முதியவர்கள், சக்கர நாற்காலியைக் கைக்கெட்டாத இடத்தில் நகர்த்தி வைக்கப்படும் ஊனமுற்றவர்கள், சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்காத ஆண்கள் எல்லோரும் இதில் சிக்குகிறார்கள். ஆனாலும் அளவில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான். உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிளம்பும் நேரம்தான் பல சமயம் மிக ஆபத்தான நேரம். செவிலியர் துறை ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பெல், அமெரிக்காவில் துணைவர்களால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றித் தன் குழுவோடு 2003இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஆணை விட்டுப் பிரிந்தவர்களுக்குக் கொலை அபாயம் பல மடங்கு கூடுவதைக் காட்டினார். வெளியே வராமல் இருப்பவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆளின் கோபம் எதுவரை போகும் என்று நம் எல்லோரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். யாராவது தன் கழுத்தை நெரித்தார் என்று சொன்னால், வெளியே தடம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். உள்காயம் தாமதமாகத் தெரியலாம். அது இனி வரப்போகும் ஆபத்துக்கும் பெரிய எச்சரிக்கை.

நாங்கள் மறுபடி பேசத் தொடங்கியது தற்செயல்தான். வீட்டை ஒழிக்கும்போது அவளிடம் இரவல் வாங்கிய ஒரு புத்தகம் கிடைத்தது. "உன் புத்தகம் என்கிட்டதான் இருக்கு, எப்போ வேணும்னாலும் வாங்கிக்கோ" என்று செய்தி அனுப்பினேன். யார் படித்தாலும் சந்தேகம் வராத செய்தி. சாமர்த்தியத்தால் அப்படி எழுதவில்லை, எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. பதினோரு நாள் கழித்து "சரி" என்று ஒரு சொல் வந்தது.

பிறகு ஒரு நாள் அலுவலகத் தோழியின் போனிலிருந்து கூப்பிட்டாள். அவள் முதலில் கேட்டது, "நீ ஏன் கூப்பிடறத நிறுத்தின?" அவளைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஆயிரம் பதில் இருந்தது. இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு எட்டு மாதம் ஆனது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, உடனே தன் போனிலிருந்து அழித்துவிடுவாள். இலவசச் சட்ட உதவி தரும் ஒருவரைச் சந்தித்தோம். "புத்தகம் இப்பவே வேணும்" என்றால் உடனே கிளம்பி வர வேண்டும் என்று பேசிவைத்தோம். நடுவில் ஒரு முறை, "இல்ல, அவர் மாறிட்டார்" என்றாள். கத்த வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, சரி, புத்தகம் இங்கேயே இருக்கும் என்றேன். கத்தியிருந்தால் அவள் மறுபடி கூப்பிட்டிருப்பாளா, சந்தேகம்தான். மூன்று வாரத்தில் அந்தச் செய்தி வந்தது.

இப்போது தனியாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வழக்கு நடக்கிறது. என்னோடு போனில் பேசும்போது இன்னும் பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். எதிரொலி கேட்டதும் நான் பேச்சை நிறுத்துவேன். "அய்யோ" என்று சொல்லிவிட்டு அணைப்பாள்.