எட்டு வரி, முள் இல்லை: வாங்கிய செடி காக்டஸ்தானா?

கேள்வி: இணையத்தில் 'ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ்' என்ற காக்டஸ் என்று போட்டிருந்த செடியை வாங்கினேன். வந்தது உருண்டையாக, எட்டு வரியோடு (மேலிருந்து கீழே ஓடும் மேடு), முள்ளே இல்லாமல் இருக்கிறது. படமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நண்பர் பார்த்துவிட்டு, இது காக்டஸே இல்லை, யூஃபோர்பியா என்ற வேறு வகைச் செடி என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: நண்பர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்டீரியஸ் தெற்கு டெக்சஸிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும் வளர்வது. யூஃபோர்பியா ஒபீசா தென்னாப்பிரிக்காவின் காரூ வறண்ட நிலத்துச் செடி. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் இரண்டும் உருண்டை, இரண்டுக்கும் பெரும்பாலும் எட்டு வரி, இரண்டுக்கும் முள் இல்லை. அதனால் மாற்றி அனுப்புவது சுலபம்.

செடியை நல்ல வெளிச்சத்தில் வைத்து, ஏதாவது ஒரு வரியின் முதுகைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆஸ்டீரியஸ் என்றால் உச்சியிலிருந்து கீழ்வரை, வரியின் நடுவே சின்னச் சின்ன பஞ்சுத் திட்டுகள் வரிசையாக இருக்கும். அதுதான் காக்டஸ் குடும்பத்தின் அடையாளம். முள்ளும் பூவும் கிளையும் கிளம்புவது அந்தத் திட்டிலிருந்துதான். முள் இல்லாத இனத்திலும் திட்டு இருக்கும். பெரும்பாலான செடிகளில் தோல் மேல் வெண்புள்ளிகளும் தூவியிருக்கும். ஒபீசாவில் பஞ்சு கிடையாது. வரியின் மேட்டில் தையல் போட்ட மாதிரி சிறு புடைப்புகள் இருக்கும், உடம்பில் குறுக்கே மங்கலான ஊதாப் பட்டைகள் ஓடும். வயதாக ஆக உருண்டை நீண்டு தூணாகும். ஆஸ்டீரியஸ் தட்டையாகவே இருக்கும்.

ஊசியால் குத்திப் பால் வருகிறதா பார் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். நம் ஊர்ச் சதுரக்கள்ளியும் யூஃபோர்பியா இனம்தான். அந்தப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அதோடு, மாமிலேரியா என்ற அசல் காக்டஸ் வகையிலும் பல இனங்களுக்குப் பால் உண்டு. ஆகவே அந்தச் சோதனை முடிவும் தராது.

பணத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் பிரித்த படம், வரியின் நெருக்கப் படம் மூன்றையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம்.

கேள்வி: ஒரே இனம், ஒரே அளவு. ஒட்டுச்செடி மலிவு, சொந்த வேரில் வளர்ந்தது பல மடங்கு விலை. ஏன் இந்த வித்தியாசம்?
(வாசகர், கோவை)

பதில்: நீங்கள் காசு கொடுப்பது வருடங்களுக்கு. மெதுவாக வளரும் இனங்களில் விலை என்பதே வயதுதான். டிராகன் ஃப்ரூட் தண்டில் ஒட்டுப் போட்டால், சொந்த வேரில் பல வருடம் எடுக்கும் வளர்த்தி ஓரிரு வருடத்தில் வந்துவிடும். அதில் தவறு ஒன்றும் இல்லை, ஒட்டு என்று சொல்லி விற்றால். ஆனால் அந்தத் தண்டு சில வருடங்களில் அழுகிப்போவது சகஜம். அப்போது மேலே இருப்பதை வெட்டி மறுபடி ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் யோசனை: சிறியதானாலும் சொந்த வேர்ச் செடியை வாங்குங்கள்.

கடையில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். மேலே பரப்பிய கூழாங்கல்லை விரலால் ஒதுக்கி, செடியின் கழுத்தைப் பாருங்கள். ஒட்டுத் தண்டைக் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டு வேர்ச் செடி விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கல்லைத் தொடவிடாத கடையில் வாங்காதீர்கள். சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்கும் மூன் காக்டஸ் மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பச்சையமே இல்லை, எப்போதும் ஒட்டாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். அரியோகார்பஸ், கோப்பியாபோவா போன்ற காக்டஸ் வகைகளில் பெரிய, வயதான செடி ஆச்சரியமான மலிவு விலைக்கு வந்தால் அது காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். 2020-இல் இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் பிடிபட்டன. பெரும்பாலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து களவாடிய கோப்பியாபோவா. நூற்றுக்கணக்கானவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். அடிப்பகுதி பழுப்பேறி, தோல் தழும்பேறி, வேர் முறிந்து, ஒரு பக்கம் கோணலாக இருக்கும் செடியைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதற்கும் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

கேள்வி: உச்சியில் பூவோடு வாங்கினேன். மாதக்கணக்கில் வாடவே இல்லை. நல்ல ரகமா?

பதில்: பசை போட்டு ஒட்டிய காய்ந்த பூ அது. காக்டஸ் பூ ஒரு நாளோ சில நாளோதான் நிற்கும். பிடுங்காதீர்கள், தோல் கிழிந்து அழுகும். செடி வளரும்போது தானாக விலகும்.

கேள்வி: சென்னையில் மொட்டைமாடியில் வைக்கிறேன். ஐப்பசி மழை வந்தால் ஒவ்வொன்றாக அழுகுகிறது. தண்ணீரே ஊற்றுவதில்லையே!

பதில்: நீங்கள் ஊற்றாவிட்டாலும் மழை ஊற்றுகிறது. பெரும்பாலும் குற்றவாளி, கடையிலிருந்து செடியோடு வந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்). ஒருமுறை ஊறிவிட்டால் நடுவேரைச் சுற்றி ஈரம் பல நாள் நிற்கும். வாங்கியதும் அதை உதிர்த்துவிட்டு, வேர்களுக்கு நடுவே வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். பிறகு தூசி போகச் சலித்த கரடு மணல், சிறு ஜல்லி, செங்கல் துண்டு முக்கால் பங்கு, மக்கிய உரம் கால் பங்குக்குள் கலந்து, மண் தொட்டியில் வையுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். அப்புறம் ஊற்றினால் அடியில் ஒழுக ஊற்றி, முழுக்கக் காய்ந்த பிறகே மறுபடி. அரியோகார்பஸ் போல் கிழங்கு வேர் உள்ளதற்கு ஆழமான தொட்டி.

புரட்டாசி முடிவதற்குள் மேலே ஒளி புகும் ஷீட் போட்டுவிடுங்கள். பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். நிழல் கடையிலிருந்து வந்ததை நேரே வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும், அந்தத் தழும்பு மறையாது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

கேள்வி: நீல நிற, வானவில் நிற காக்டஸ் விதை விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். படத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். விதையில் ஆசை இருந்தால் புதிய ஆஸ்டீரியஸ் விதை கேளுங்கள். குண்டாக, கருப்பாக, குல்லா வடிவில் இருக்கும். வெதுவெதுப்பான ஈரத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முதல் வருட முடிவில் ஒரு சென்டிமீட்டர் அகலம் வந்திருந்தாலே நன்றாக வளர்கிறது.