பொண்ணு டாக்குமெண்டரி எடுக்கணும்ங்கிறா, என்ன படிக்க வைக்க?

அக்கா, போன வாரம் நீங்களும் பாப்பாவும் வந்தப்ப சரியா பேச முடியல, வெளில நாலு பேர் உக்காந்திருந்தாங்க, அதான் இப்ப எழுதுறேன். நீங்க கேட்டது ரெண்டே கேள்வி. படம் எடுத்தா ஊர் மாறுமா, இதுல சோறு கிடைக்குமா. ரெண்டாவதுக்குத்தான் நீங்க வந்தீங்க, தெரியும். ஆனா முதல் கேள்வி புரிஞ்சாத்தான் ரெண்டாவதுக்குப் பதில் வரும்.

பாப்பா போன்ல எடுத்த 7 நிமிச வீடியோ, உங்க தெருவுக்குப் பின்னால குப்பை கொட்டுற ஓடையைப் பத்தி. அதுல ஒரு பாட்டி, ஒரு கையில குடம், ஒரு கையில பேரனைப் பிடிச்சிருக்கு, மூக்கைப் பொத்த கை இல்லாம முந்தானையைப் பல்லால கடிச்சுக்கிட்டே நடக்குதே, அந்த ஷாட் சொல்லிக்கொடுத்து வராதுக்கா. பொண்ணுக்குக் கண்ணு இருக்கு. ஆனா அந்தப் பாட்டி இந்த வீடியோவைப் பாத்துச்சான்னு கேட்டேன், முழிச்சா. இன்ஸ்டால போட்டிருக்கேன் சார், நல்ல லைக்ஸ்னா. எனக்கு அங்கதான் இடிச்சுது. ஏன்னு சொல்ல ஒரு கதை சொல்றேன்.

கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ஃபோகோன்னு ஒரு தீவு இருக்கு. மீன்பிடி ஊருங்க. 1960கள்ல மீன் வருமானம் படுத்துப்போச்சு, நிறைய குடும்பம் அரசாங்க உதவிப் பணத்துல ஓட்டுது, மொத்தமா காலி பண்ணி வேற இடத்துல குடியேத்திடலாம்ங்கிற பேச்சும் நடக்குது. 1967ல அந்த நாட்டு தேசியத் திரைப்பட வாரியத்துலேர்ந்து காலின் லோன்னு ஒரு டைரக்டர் கேமராவோட போனாரு. ஒரு பெரிய படமா எடுக்காம, ஒவ்வொருத்தர் பேசுறதையும் தனித்தனி சின்னப் படமா, இருபதுக்கு மேல எடுத்தாங்க. முதல்ல பேசுன ஆளுக்கே போட்டுக் காட்டுனாங்க, வேணாம்னு சொன்னதை வெட்டுனாங்க. அப்புறம் ஊர் ஊரா திரை கட்டிப் போட்டாங்க. அந்தத் தீவுல ஊருக்கு ஊர், சர்ச்சுக்கு சர்ச் ஒட்டாம கிடந்த ஜனம், அடுத்த ஊர்க்காரன் திரையில பேசுறதைப் பாத்துட்டு அட நம்ம பிரச்சினைதானேன்னு உணர்ந்துச்சு. பிறகு அதை அமைச்சருங்களுக்குக் காட்டி, மீன்வளத்துறை அமைச்சர் சொன்ன பதிலையும் படம் பிடிச்சு தீவுக்கே கொண்டுவந்து காட்டுனாங்க. கடைசில ஜனங்க காலி பண்ணல, மீனவர் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு, படகு கட்டுற வேலையும் வந்துச்சு. படம் மட்டுமே சாதிச்சதுன்னு சொன்னா அது ரீல். அங்க ஏற்கெனவே ஒரு ஊர்க் கமிட்டி இருந்துச்சு, அதுக்குத்தான் படம் கை கொடுத்துச்சு.

அதாவது படம் எடுக்குறது பாதி வேலை, யாருக்கு எங்க எப்ப காட்டுறதுங்கிறது மீதி. இந்த மீதிக்கே வெளிநாட்டுல இம்பாக்ட் ப்ரொட்யூசர்னு தனி வேலைப்பேரே இருக்கு.

பொண்ணுக்கு ஆபத்து வந்துடுமோன்னு பயம்னும் சொன்னீங்கல்ல. அதுவும் நியாயம்தான், மறைக்க மாட்டேன். திவ்யபாரதின்னு ஒரு டைரக்டர் 2017ல 'கக்கூஸ்'னு ஒரு டாக்குமெண்டரி எடுத்தாங்க, மலக்குழிக்குள்ள மனுசனை இறக்குறதைப் பத்தி. அதைத் தடை பண்ற சட்டம் 2013லயே வந்தும் சாவு நிக்கல, அதைத்தான் முகத்துல அடிச்ச மாதிரி காட்டுனாங்க. திரையிட போலீஸ் அனுமதி கிடைக்கல, யூடியூப்ல விட்டாங்க. 2017லயே, மாணவர் போராட்டம் நடத்துனதுக்காக 2009ல போட்ட பழைய வழக்குல அவங்களைக் கைது பண்ணாங்க, போன்ல மிரட்டலும் வந்துச்சு. ஆனா அவங்க சட்டம் படிச்சவங்க, இயக்கத்துல வேலை செஞ்சவங்க, தனியாள் இல்ல. பாப்பா தனியா கேமராவைத் தூக்கிட்டு ஓடக்கூடாதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூ முடிச்ச உடனே வேணும்னா சென்னை தரமணியில அரசு எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரி இருக்கு, 4 வருஷம். விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரி, எல்லா ஊர்லயும் இருக்கு, ஆனா சேர்றதுக்கு முன்னாடி எடிட்டிங் லேப்பைக் கண்ணால பாருங்க, சில இடத்துல பூட்டுதான் தொங்கும். என் கருத்து வேற. முதல்ல சோஷியல் வொர்க்கோ சட்டமோ ஒரு டிகிரி முடிக்கட்டும், அப்புறம் புனே எஃப்டிஐஐங்கிற திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ரே ஃபிலிம் இன்ஸ்டிடியூட், டெல்லி ஜாமியாவுல மாஸ் கம்யூனிகேஷன் எம்ஏ, எதுக்கும் என்ட்ரன்ஸ் எழுதலாம், எந்த டிகிரியா இருந்தாலும் ஓகே. ஒரு ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமை மனு, எழுதத் தெரிஞ்ச டைரக்டருக்கு இந்த வேலையில மதிப்பே தனி.

சம்பளம். டாக்குமெண்டரி மட்டும் எடுத்து வீட்டு வாடகை கட்டுற ஆளுங்க நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி, பொய் சொல்ல விரும்பல. மத்தவங்க எடிட்டிங் பண்ணுவாங்க, தொண்டு நிறுவனத்துல வீடியோ வேலை பாப்பாங்க, முகூர்த்த நாள்ல கல்யாணம் ஷூட் பண்ணுவாங்க, மிச்ச நேரத்துல சொந்தப் படம். அதனால எடிட்டிங்கும் சவுண்டும் கைத்தொழிலா கத்துக்கணும், அது பட்டினி போடாது. கேமராவுக்கு லோன் மட்டும் வாங்காதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். முன்னாடி ஒரு பையனுக்கு நானே வாங்கச் சொல்லித் தொலைச்சேன், ட்யூ முடியறதுக்குள்ள பாதி விலைக்கு வித்தான், இன்னும் அவன் அப்பாவைக் கடைவீதியில பாத்தா நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன்.

மதுரையில 1998லேர்ந்து ஆவணப்பட விழா நடத்துறாங்க, மறுபக்கம்ங்கிற அமைப்பு, ஆவணப்பட டைரக்டர் அமுதனும் அவரோட ஆளுங்களும். விருதுநகர்லேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம், நீங்களும் கூடப் போங்க. படம் முடிஞ்சு கேள்வி கேக்குற நேரத்துல எழுந்து ஓடிடாதீங்க, அங்கதான் பாப்பா கத்துக்குவா.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. இந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க தெருவுல வெள்ளை வேட்டி ஒண்ணைக் கட்டி அந்த 7 நிமிசத்தைப் போடச் சொல்லுங்க. பாட்டிக்கு முதல்ல தனியா காட்டிட்டு, சரின்னு சொன்னா மட்டும். வார்டு கவுன்சிலரையும் கூப்பிடுங்க, வரலைன்னா பரவால்ல, கூப்பிட்டதைப் பத்துப் பேர் பாத்தா போதும். ப்ரொஜெக்டர் என்கிட்ட இருக்கு, பழசு, கொஞ்சம் நீலமா தெரியும். பாப்பா சனிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போகட்டும், திருப்பித் தரும்போது கேபிளையும் சேத்துக் கொண்டுவரச் சொல்லுங்க, போன தடவை ஒருத்தன் அதை விட்டுட்டு வந்துட்டான்.